மருத்துவ நூலகரும் புதிய தேடுகருவிகளும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் ஒரு மருந்தை எழுதித் தருகிறார். இன்ன நோய்க்கு இன்ன மருந்து இன்ன அளவில் ஏற்றது என்பது அவருக்கு எவ்வாறு தெரிந்தது? கல்லூரியில் பயின்றது ஒரு பகுதி. அநுபவத்தால் அறிந்தது ஒரு பகுதி. எஞ்சிய பகுதி, உலகின் பல பாகங்களில் நடைபெறும் ஆராய்ச்சிகளைப் பற்றி அச்சேறும் கட்டுரைகளிலிருந்தும், அவற்றைத் தொகுத்து எழுதப்பெறும் வழிகாட்டி நூல்களிலிருந்தும் வருவதாகும். அக்கட்டுரைகளைத் தேடி எடுத்து, இனம் பிரித்து, வேண்டியவர்க்கு வேண்டிய வேளையில் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் மருத்துவ நூலகர். கிராம மக்கள் அவரை நேரில் காண்பது அரிது. ஆயினும் அவருடைய வேலை நன்கு நடந்தால் அதன் பயன் கிராமம் வரை வந்து சேருகிறது. வேலையில் குறை நேர்ந்தால் அதன் கேடும் வந்து சேருகிறது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு நூலகம் புதிய விஷயமன்று. 1948 ஆம் ஆண்டில் நிறைவேறிய பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகி வருவதை அவர்கள் நன்கறிவார்கள். அச்சட்டம் தோன்றப் பெரிதும் உழைத்தவர் 1892 ஆம் ஆண்டில் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் ஆவார். வாசகரின் காலத்தை வீணாக்காமல் காப்பது நூலகத்தின் கடமை என்பது, அவர் 1931 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று. பொது நூலகத்தில் காலம் வீணானால் வாசகருக்கு அரைநாள் நஷ்டம். மருத்துவ நூலகத்தில் அதுவே ஓர் உயிர் நஷ்டமாகவும் முடியக்கூடும்.

இப்பொழுது இவ்விஷயத்தை எடுத்துப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. கேள்வி கேட்டால் மனிதர் எழுதியது போலவே விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி என்னும் பொறி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதன்பின் இத்தகைய பொறிகள் பல தோன்றின. மருத்துவரும் இவற்றைக் கேட்கிறார், நோயாளியும் கேட்கிறார். இவற்றின் விடையை எவ்வளவு நம்பலாம் என்று அளந்து பார்க்கும் பொறுப்பு இன்று மருத்துவ நூலகர்களின் தலைமேல் வந்து விழுந்திருக்கிறது.

அட்டவணை வளர்ந்த விதம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசிய மருத்துவ நூலகமே இத்துறையில் உலகுக்குத் தாய்வீடு போன்றது. 1836 ஆம் ஆண்டில் இராணுவ மருத்துவத் தலைவரின் அலுவலகத்தில் சில புத்தகங்களோடு அது தொடங்கிற்று. உள்நாட்டுப் போர் முடிந்த 1865 ஆம் ஆண்டில் ஜான் ஷா பில்லிங்ஸ் என்னும் இராணுவ மருத்துவர் அதன் பொறுப்பை ஏற்றார். ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட நாடகக் கொட்டகையிலேயே அந்நூலகம் சுமார் 20 ஆண்டுகள் இயங்கியது என்பது பலர் அறியாத செய்தி. புத்தகங்களைச் சேர்த்து வைத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு மருத்துவப் பத்திரிகையிலும் எந்தக் கட்டுரை எந்தப் பொருளைப் பற்றியது என்று காட்டும் அட்டவணையும் வேண்டும் என்று பில்லிங்ஸ் கருதினார். 1879 ஆம் ஆண்டில் அவரும் இராபர்ட் பிளெட்சர் என்பாரும் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற மாத அட்டவணையைத் தொடங்கினர். நிலப் பதிவேட்டில் சர்வே எண் இருப்பது போல, மருத்துவக் கட்டுரைகளுக்கு அது ஓர் அடையாளம் கொடுத்தது.

1964 ஆம் ஆண்டில் இவ்வட்டவணை கணிப்பொறிக்கு மாறியது. 1971 ஆம் ஆண்டில் தொலைபேசிக் கம்பி வழியே வெளியூர் நூலகங்களும் தேடும் வசதி 'மெட்லைன்' என்ற பெயரில் ஏற்பட்டது. 1997 ஆம் ஆண்டில் 'பப்மெட்' என்ற பெயரில் அது உலகத்தார் அனைவருக்கும் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. இன்று அதில் 3 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. அச்சு அட்டவணை 2004 ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று.

இத்தனை குறிப்புகளையும் தேடத்தக்கனவாகச் செய்வது பொருட்சொல் இடும் வேலை. ஒரே நோய்க்குப் பல பெயர்கள் உண்டு. ஓர் ஆசிரியர் மாரடைப்பு என்பார். மற்றொருவர் இதயத் தசை அழிவு என்பார். இருவரும் கூறுவது ஒன்றே என்று தேடுபவருக்குத் தெரிய வேண்டுமானால், கட்டுரையைப் படித்தறிந்த ஒருவர் அதன்மேல் பொதுவான சொல் ஒன்றை எழுதி வைத்தல் வேண்டும். அவ்வாறு ஏறக்குறைய 30,000 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அந்நூலகம் பேணி வருகிறது. பல்லாண்டுகளாக இவ்வேலையைப் பயிற்சி பெற்ற மனிதர்கள் செய்துவந்தனர். 2022 ஆம் ஆண்டில் பொருட்சொல் இடும் பணி பொறியிடம் ஒப்படைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் மனிதர்கள் சரிபார்க்கின்றனர். ஆகவே சாட்ஜிபிடியின் பெயரை மக்கள் கேள்விப்படு முன்பே, செயற்கை நுண்ணறிவு நூலகத்தின் பின்கட்டில் புகுந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

தேடாமல் விட்டதன் விளைவு

தேடுதலில் நேரும் குறை எத்தகைய தீங்கை விளைக்கும் என்பதற்கு 2001 ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த சம்பவத்தை நூலகர்கள் இன்றும் எடுத்துக் கூறுவர். ஆரோக்கியமுள்ளவர்களின் மூச்சுக்குழாய் எவ்வாறு திறந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தைத் தொண்டர்கள் மூச்சோடு உள்ளிழுத்தனர். அத்தொண்டர்களுள் ஒருவரான 24 வயதுப் பெண்மணிக்கு நுரையீரல் கெட்டு, ஏறத்தாழ ஒரு மாதத்தில் உயிர் பிரிந்தது. அவருக்கு எந்த நோயும் இருந்ததில்லை.

இம்மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடும் என்று 1950களிலேயே கட்டுரைகள் வெளிவந்திருந்தன. இரத்த அழுத்தத்துக்காக அதனை உட்கொண்டவர்களிடம் அக்கேட்டை மருத்துவர்கள் கண்டு எழுதியிருந்தனர். ஆராய்ச்சியாளர் பப்மெட்டில் தேடத்தான் செய்தார். ஆனால் அந்நாளில் பப்மெட்டின் குறிப்புகள் பெரும்பாலும் 1966 ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டவை. அதற்கு முற்பட்டவை அச்சு அட்டவணையில் அலமாரியில் இருந்தன. கணிப்பொறித் திரையில் எதுவும் வரவில்லையாதலின், தீங்கு எதுவும் இல்லை என்று கொள்ளப்பட்டது. அமெரிக்க அரசு அந்நிறுவனத்தின் மருத்துவ ஆராய்ச்சிகளுள் அரசுப் பணத்தில் மனிதர்மேல் நடந்தவற்றை ஏறக்குறைய முழுவதும் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. பின்னர்ப் பழைய அட்டவணைகளும் கணிப்பொறியில் ஏற்றப்பட்டு, மெட்லைன் இப்போது 1946 ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்கிறது.

ஒரு கருவி எங்கே தேடுகிறது என்பதைவிட, எங்கே தேடவில்லை என்பதை அறிந்திருப்பதே நூலகரின் கல்வி. கிணற்றில் வாளி தண்ணீரைத் தொடவில்லையென்றால், தண்ணீர் இல்லை என்றும் பொருள். கயிறு எட்டவில்லை என்றும் பொருள்.

வயலிலிருந்து ஓர் உதாரணம்

மருத்துவ நூலகர் எப்படித் தேடுகிறார் என்பதை வேளாண் பெருமக்கள் அறிந்த ஒரு விஷயத்தைக் கொண்டே விளக்கலாம். மருந்தடிக்கும்போது காற்று எதிராக அடித்து, ஆர்கனோபாஸ்பரஸ் வகையைச் சேர்ந்த பூச்சிமருந்து உடலில் ஏறிவிட்டால், வியர்வையும் வாயில் எச்சிலும் பெருகும், கண்ணின் பாவை சுருங்கும், மூச்சுத் திணறும். மருத்துவர் உடனே அட்ரோபின் ஊசி போடுவார். அதனோடு பிரலிடாக்சிம் என்னும் மற்றொரு மருந்தும் பல மருத்துவமனைகளில் கொடுக்கப்படுவதுண்டு. மருத்துவர்கள் அதனைச் சுருக்கமாகப் 'பாம்' என்பர். இந்தப் 'பாம்' உண்மையில் உயிரைக் காக்கிறதா என்று ஒரு மருத்துவர் நூலகரிடம் கேட்கிறார் என்று கொள்வோம்.

நூலகர் கேள்வியை நான்காகப் பிரிப்பார்: நோயாளி யார், கொடுப்பது எது, எதனோடு ஒப்பிடுவது, எந்த விளைவைப் பார்ப்பது. பின்பு ஒவ்வொன்றுக்கும் உரிய எல்லாப் பெயர்களையும் எழுதுவார். பூச்சிமருந்துக்கு வகைப் பெயர் உண்டு, குளோர்பைரிபாஸ் போன்ற தொழில்நுட்பப் பெயர் உண்டு, கடையில் விற்கும் வணிகப் பெயர் உண்டு. இவற்றை 'அல்லது' என்ற சொல்லால் சேர்ப்பார். மருந்தின் பெயர்களையும் அவ்வாறே சேர்ப்பார். பிறகு இரண்டு தொகுதிகளையும் 'மற்றும்' என்ற சொல்லால் பிணைப்பார். கண் சிறிதான வலையில் சருகும் சேர்ந்து வரும். கண் பெரிதான வலையில் மீன் நழுவிப்போகும். உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்கு நூலகர் சிறிய கண் வலையையே வீசுவார். சருகைப் பொறுக்கி எறிவதில் பல நாட்கள் செல்லும். அதற்கு அவர் சலிப்பதில்லை.

இக்கேள்விக்கு அவர் கையில் முக்கியமாக இரண்டு ஆராய்ச்சிகள் அகப்படும். ஒன்று மகாராஷ்டிரத்திலுள்ள பாராமதியில் நடந்து 2006 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 200 நோயாளிகளில் பாதிப்பேருக்கு 'பாம்' அதிக அளவிலும் மற்றப் பாதிப்பேருக்குக் குறைந்த அளவிலும் கொடுக்கப்பட்டது. அதிக அளவு பெற்ற 100 பேரில் ஒருவரும், குறைந்த அளவு பெற்ற 100 பேரில் 8 பேரும் இறந்தனர். இதை மட்டும் படித்தவர் அம்மருந்தைத் தாராளமாகக் கொடுக்கவே சொல்வார்.

மற்றொன்று இலங்கையில் நடந்து 2009 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் 'பாம்' பெற்ற 121 பேரில் 30 பேரும், மருந்தில்லாத வெறும் ஊசி பெற்ற 114 பேரில் 18 பேரும் இறந்தனர். அஃதாவது மருந்து பெற்றோரிடையே சாவு கூடுதலாகவே இருந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று கணக்கியலார் கூறுவர். எனினும் மருந்தால் நன்மை விளைந்ததாகக் காட்ட இயலவில்லை. பாராமதியில் நோயாளிகள் விரைவில் சிகிச்சைக்கு வந்தனர், அவர்கள் நிலை அவ்வளவு கடுமையாக இல்லை, கொடுத்த அளவும் வேறு, உட்சென்ற பூச்சிமருந்துகளும் வேறு என்று பல விளக்கங்கள் கூறப்படுகின்றன. காக்ரேன் என்னும் சர்வதேச ஆய்வுத் தொகுப்பு நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் எல்லா ஆராய்ச்சிகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்து, நன்மை என்றோ தீமை என்றோ முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்று எழுதிற்று.

ஒரு கட்டுரையைத் தேடி எடுத்தவர் ஒரு விடை கூறுவார். இரண்டையும் எடுத்தவர் வேறு விடை கூறுவார். கேள்வியோ ஒன்றே.

பொறி கூறும் விடை

செயற்கை நுண்ணறிவுப் பொறிகளில் இருவகை உண்டு. முதல் வகை, தான் முன்பு படித்த கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து சொற்களின் சேர்க்கையைக் கற்றுக்கொண்டு, அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்து எழுதிக்கொண்டே போவது. அதற்கு அட்டவணை கிடையாது. சான்றுக் கட்டுரை காட்டு என்று கேட்டால், கட்டுரையின் பெயர் எப்படி இருக்குமோ அப்படி ஒரு பெயரை அது எழுதிவிடும். அக்கட்டுரை உலகில் இல்லாமலும் இருக்கலாம். 2023 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், சாட்ஜிபிடி எழுதிய மருத்துவக் கட்டுரைகளில் காணப்பட்ட 115 மேற்கோள் குறிப்புகள் சோதிக்கப்பட்டன. நூற்றுக்கு 47 முழுக் கற்பனை. 46 உண்மையான கட்டுரையைப் பற்றியனவாயினும் விவரம் பிழையானவை. 7 மட்டுமே எல்லா வகையிலும் சரியானவை. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், பழைய பொறியின் குறிப்புகளில் நூற்றுக்கு 55 கற்பனை என்றும், அதற்கடுத்து வந்த பொறியில் 18 என்றும் காணப்பட்டது. பொறி திருந்திவருகிறது என்பது உண்மை. ஆனால் நூறு விதைக்குப் பதினெட்டு பதராக இருக்கும் மூட்டையை எந்த விவசாயி விதைப்பார்?

மேல்நாடுகளின் பெரிய மனிதர்களும் இவ்வலையில் சிக்காமலில்லை. அமெரிக்க அரசின் குழுவொன்று குழந்தைகள் ஆரோக்கியத்தைப் பற்றி 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில், இல்லாத கட்டுரைகள் சான்றாகக் காட்டப்பட்டிருந்ததைப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்தனர். பின்னர் அறிக்கை திருத்தி வெளியிடப்பட்டது.

இரண்டாம் வகை, முதலில் ஓர் அட்டவணையில் உண்மையாகவே தேடி, கிடைத்த கட்டுரைகளை வைத்து விடையைத் தொகுப்பது. எலிசிட், கன்சென்சஸ், 2024 ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்கோபஸ் ஏஐ முதலியவை இவ்வகையின. இவற்றுள் சில, 2015 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய செமான்டிக் ஸ்காலர் என்னும் இலவச அட்டவணையின்மேல் கட்டப்பட்டவை. இவற்றில் கற்பனைக் கட்டுரை வருவது மிகக் குறைவு. நூலகர்களுள் பலர் இவற்றைத் தொடக்கத் தேடலுக்கு மகிழ்வுடன் பயன்படுத்துகின்றனர். சாதாரண வாக்கியத்தில் கேள்வி கேட்கலாம். பொருட்சொல் தெரியாதவரும் உள்ளே புகலாம். ஒரு நாளில் முடியும் பூர்வாங்க வேலை ஒரு நாழிகையில் முடிகிறது. இதை மறுப்பது நியாயமாகாது.

ஆயினும் இவற்றின் குறைகள் வேறு வகையின. பணம் கட்டிப் படிக்க வேண்டிய பத்திரிகைகளின் முழுக் கட்டுரை கிடைக்காதபோது, சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பொறி முடிவு கூறிவிடுகிறது. கட்டுரை உண்மையானதாக இருக்கும். ஆனால் பொறி அதன் வாயில் வைத்த வார்த்தை அதில் இராது. பிழையென்று பத்திரிகையே திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரையையும் சில வேளை சான்றாகக் காட்டும். அம்மைத் தடுப்பூசியால் குழந்தைகளுக்கு மனவளர்ச்சிக் கோளாறு வருகிறது என்று ஐயம் கிளப்பிய 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையை, லண்டன் 'லான்செட்' பத்திரிகை 2010 ஆம் ஆண்டில் திரும்பப் பெற்றது. அக்கட்டுரையின் நிழல் இன்னும் தாய்மார்களைப் பயமுறுத்துகிறது. மேலும், இன்று ஒரு விடையும் நாளை அதே கேள்விக்கு வேறு விடையும் வரலாம். நூலகர் எழுதிவைத்த தேடல் வாக்கியத்தை வேறொருவர் எடுத்து ஓட்டினால் அதே கட்டுரைகள் வரும், வழியும் தெரியும். பொறியின் வழி தெரிவதில்லை. 'பாம்' பற்றிக் கேட்டால் பாராமதியை மட்டும் காட்டிற்றா, இலங்கையையும் பார்த்ததா என்று அறிய, கேட்டவர் தாமே மீண்டும் தேட வேண்டியிருக்கிறது.

நூலகரின் உழைப்பு மருத்துவத்துக்குப் பயன்படுகிறதா என்ற ஐயம் நியாயமானதே. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் வட்டார மருத்துவர்களிடையே நடந்து 1992 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், நூலகம் கொடுத்த தகவலால் தம் நோயாளியைக் கவனிப்பதில் ஏதேனும் ஒன்றை மாற்றிக்கொண்டோம் என்று பத்தில் எட்டு மருத்துவர்கள் கூறினர்.

தொழிற்செய்தி என்னும் தேவை

கருவிகள் மாதந்தோறும் மாறுகின்றன. ஆகவே நூலகர்களும் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வது இன்றியமையாததாகிவிட்டது. அமெரிக்காவில் மருத்துவ நூலகச் சங்கம் 1898 ஆம் ஆண்டிலும், ஐரோப்பாவில் அத்தகைய சங்கம் 1987 ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. இந்தியாவிலும் மருத்துவ நூலகர்களுக்கென்று சங்கம் உண்டு. எந்தப் பொறி எந்த அட்டவணையில் தேடுகிறது, எதற்குக் கட்டணம், எதில் பிழை கண்டது என்பனவே அவர்கள் இன்று பேசும் செய்திகள். 2025 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் பப்மெட் சிறிது நேரம் இயங்காமல் நின்றபோது உலகெங்கும் நூலகர்கள் கலங்கினர். ஒரே நாட்டின் ஒரே சேவையை உலகம் முழுவதும் நம்பியிருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. ஜெர்மனியின் மத்திய மருத்துவ நூலகம் மாற்று அட்டவணை ஒன்றை உருவாக்க முனைந்தது. ஒரே ஏரியை நம்பிய ஆயக்கட்டின் நிலை நம்மவர்க்குத் தெரியாததன்று.

நம் நாட்டில் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு 2024 ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 பத்திரிகைகளை 6,300 அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிலையங்கள் படிக்க அது வழிசெய்கிறது. மருத்துவக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய உதவி. ஆனால் இது கல்வி நிலையங்களுக்கான ஏற்பாடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியே பணியாற்றும் மருத்துவரின் மேசையை அது நேராக எட்டுவதில்லை. அவருக்குப் பப்மெட்டின் இலவசக் குறிப்புகள் உண்டு. அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் நூலகர் ஒருவரும் உண்டு. இருவரையும் இணைத்துவைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டுவதில்லை. ஒரு கடிதமும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும். சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தில் அமரும் பஞ்சாயத்துத் தலைவர் இதனை விசாரிக்கலாம்.

காக்ரேன் தொகுப்புகள் சிலவற்றின் எளிய சுருக்கம் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. கிராம நூலகத்தில் கணிப்பொறி இருக்குமானால், படித்த இளைஞர் ஒருவர் அவற்றை எடுத்து மகளிர் குழுக்களுக்குப் படித்துக் காட்டலாம். கைப்பேசிப் பொறியிடம் ஒருவர் நோயைப் பற்றி விடை பெற்று வந்தாலும், அதனைப் பரிகசிக்க வேண்டுவதில்லை. எந்தக் கட்டுரையை வைத்து இதனைச் சொன்னாய் என்று பொறியையே கேட்கச் செய்து, அது காட்டும் தலைப்பைப் பப்மெட்டில் இட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். தலைப்பு அங்கே இல்லையெனில் ஐயம் கொள்ளவேண்டும். இருந்தால், திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்பு அதன்மேல் உண்டா என்று பார்த்து, அச்சுருக்கத்தை மருத்துவரிடம் காட்டிக் கேட்பது முறை.

ஆபத்து வேளையில் இவை எதுவும் வேண்டாம். மருந்தடித்தவர் மயங்கினால் பொறியிடம் கேட்டு நிற்காமல் 108 ஊர்தியை அழைக்க வேண்டும். நனைந்த துணியைக் களைந்து, உடலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும். கழுவுபவர் கையில் உறை அணிதல் நலம். பூச்சிமருந்துப் புட்டியை, லேபிள் கிழியாமல், மூடி இறுக்கி, பையில் கட்டி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கடைக்காரர் சொல்லும் வணிகப் பெயரைக் கொண்டு மருத்துவர் நஞ்சு இன்னதென்று அறிவது கடினம். லேபிளில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் தொழில்நுட்பப் பெயரே அவருக்கு வேண்டியது.